கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டை

"நாய்க்குப் போட ஒரு பழைய சட்டை கேட்டேங்க. தர முடியாதுன்னுட்டாங்க உங்கம்மா!"

மருமகள் குளியலறை வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள். கணவன் வாய் நிறைய நுரையோடு திரும்பினான்.

"எந்தச் சட்டை?"

"மாமாவோடதுதான். பெட்டி நிறைய அடுக்கி வச்சிருக்காங்களே, இனி யார் போட்டுக்கப் போறாங்க? நீங்க போட்டாலும் தொப்பைகிட்ட பொத்தான் சேராது."

"காலங்கார்த்தால என் தொப்பையை ஏன் இழுக்கறே?"

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

மாமனார் தச்சர். அவர் போய் மூன்று மாதமாகிறது. அவர் வளர்த்த நாய்க்கு உடம்பெல்லாம் சுருள் சுருளாகப் பழுப்பு முடி. இழைத்த மரத்திலிருந்து உதிர்ந்தது மாதிரியே இருக்கிறதென்று 'சீவல்' என்று கூப்பிட்டார். அவர் போன பிறகுதான் சீவல் முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. நக்கி நக்கி முடி கொட்டி, தோல் சிவந்து, இப்போது சதை தெரிந்தது.

மருமகள் சும்மா இருக்கவில்லை. ஓட்ஸைப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் காலை ஊற வைத்தாள். பாதி காலுக்குப் போனது, பாதி சீவலின் வயிற்றுக்குப் போனது. ஈரத்தை ஒற்றியெடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அதையும் நக்கியது. வாய் காலுக்கு எட்டாதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினாள். சீவல் கதவில் முட்டி, நாற்காலியில் முட்டி, கடைசியில் சோறு தண்ணி வேண்டாமென்று சுருண்டு படுத்துவிட்டது.

"உண்ணி இல்ல, பூஞ்சை இல்ல" என்றார் கால்நடை டாக்டர். "நக்கறதை நிறுத்தியாகணும். இன்னும் ஆழமாப் போனா காலையே எடுக்க வேண்டி வரும். முழுக்கைச் சட்டை ஒண்ணு மாட்டிப் பாருங்க."

கணவனின் சட்டையை மாட்டினாள். சீவல் அதை நார்நாராகக் கிழித்துவிட்டு மறுபடி காலில் வாய் வைத்தது.

"என் சட்டை நாய்க்குக்கூடப் பிடிக்கல, பாத்தியா!" என்றான் கணவன்.

துணி புதிது, உறுத்துகிறது போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நைந்து மிருதுவான சட்டையாக இருந்தால் தேவலை. அதற்குத்தான் இன்று காலை மாமியாரிடம் போனாள்.

"அத்தை, மாமா சட்டை ஒண்ணு குடுங்க. சீவலுக்கு."

மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பெட்டியைத் தொடாதே."

"ஒண்ணே ஒண்ணு, அத்தை. அது கால் போயிடும்."

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

அந்தக் குரலை மருமகள் முன்பே கேட்டிருக்கிறாள். மாமியாரின் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறச் சட்டை தொங்கும். மாமனார் கடைசியாகப் போட்டது. காலரெல்லாம் அழுக்கு, பையில் மரத்தூளும் ஒரு துண்டுப் பென்சிலும். ஒருநாள் துவைக்கலாமென்று எடுத்தாள். "வை அதை அங்க!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

வேர்வை நாறும் சட்டைக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் வாயில்லா ஜீவனுக்கு இல்லை.

வேலைக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் நான் வர்ற வரைக்குமாவது அதை வெளிய துரத்தாம இருங்க, அத்தை" என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மாமியார் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். கேட்டதோ, கேட்கவில்லையோ.

சாயங்காலம் வாசலுக்கு வந்தவளுக்குத் திக்கென்றது. படியோரம் கழற்றி வீசப்பட்ட பிளாஸ்டிக் கூம்பு. உள்ளே நாயின் பாய் காலி.

"சீவல்! டேய் சீவல்!"

"ஏன் கத்தறே? இப்பத்தான் தூங்குது."

குரல் மாமியாரின் அறையிலிருந்து வந்தது.

மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோற்றுத் தட்டு, நக்கித் துடைத்து வைத்தது மாதிரி பளபளவென்று. சீவல் அவள் மடியில் தலை வைத்திருந்தது. உடம்பில் சட்டை. பொத்தான்கள் முதுகுப் பக்கம் வரும்படி போட்டு, நீளமான கையை அந்தக் காலுக்கு அளவாக மடித்துத் தைத்திருந்தாள். சீவல் கிழிக்கவில்லை, காலைத் தேடவும் இல்லை. காலருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு அப்படியொரு தூக்கம்.

சாம்பல் நிறச் சட்டை.

மருமகள் மெல்லக் கதவை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் வெறும் ஆணிதான் இருந்தது.

"அத்தை... பெட்டி நிறைய சட்டை இருக்கே. போயும் போயும் இதையா..."

"அதெல்லாம் துவைச்சு மடிச்சதும்மா. சோப்பு வாசனைதான் வரும்."

மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இன்னொரு கை அந்தத் துண்டுப் பென்சிலை மூடிப் பிடித்திருந்தது.

"நீ காலையில வந்து நின்னப்பவே, இதுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். குடுக்கத்தான் மனசு வரல."

சீவலின் காதோரச் சுருளை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

"இத்தனை நாள் நான் வச்சுக்கிட்டேன். இனி கொஞ்ச நாள் இது வச்சுக்கட்டும்."