அப்பன் புத்தி

“கையை நீட்டு அம்மிணி. நீட்டி அணை” என்றாள் கமலாத்தாள்.

கருப்பராயன் கோயில் வாசலில், கல்லின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இனி லாட்டரிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட வேண்டும். நல்லேப்பிள்ளி ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

மகள் யோகப்பிரியா கையை நீட்டவில்லை. துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதாள்.

“பயமா இருக்குதும்மா. மீறிட்டன்னா?”

“மீறுவேன்னு இப்பவே தெரியுதா உனக்கு? உங்கொப்பனாட்டமே பேசற!”

யோகப்பிரியா சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மாதமாக அவள் கைப்பையில், அரிசி டப்பாவில், தலையணை உறைக்குள் எங்கே கைவிட்டாலும் லாட்டரிச் சீட்டு. கையில் வளையல் குறைந்தபோதுதான் மாப்பிள்ளை கோகுல்நாத்துக்கு விஷயம் தெரிந்தது. நேற்று அவளைக் கொண்டுவந்து விட்டவன் வீட்டுக்குள்கூட வரவில்லை.

“புத்தி திருந்துனாச் சொல்லுங்கத்தை, வந்து கூட்டிட்டுப் போறன். அதுவரைக்கும் பாப்பா எங்கம்மாகிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கமலாத்தாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கு, முன்கோபம், உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது என்று அப்படியே அப்பனை உரித்து வைத்த பெண். இந்தப் பாழும் புத்தியுமா ரத்தத்தில் ஓடி வரவேண்டும்?

அவள் புருஷன் பொங்கியண்ணன் அறுபது வயது வரைக்கும் சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனுஷன். அப்புறம் எங்கிருந்தோ வந்து பிடித்தது லாட்டரிப் பேய். நெல் விற்றதும் தேங்காய் விற்றதும் அதிலேயே போயிற்று. இதே கல்லில் அவரையும் கற்பூரம் அணைக்க வைத்தாள். நாலாம் நாள் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. “நான் வாங்கலை கமலா, கை தானா வாங்குது” என்று அவர் கும்பிட்டார். நல்ல நடிப்பு என்று நினைத்தாள்.

சாமியையே ஏமாற்றிய ஆளிடம் பேச என்ன இருக்கிறது? அன்றோடு பேச்சை நிறுத்தினாள். எட்டு மாதம், ஒரு சொல் இல்லை. அதற்காகக் கடமையில் குறை வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, துவைத்த வேட்டி, பொழுது சாய மாத்திரை எல்லாம் அவர் கட்டிலருகே வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள். போன மாசியில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஊரே அழுதது, அவள் அழவில்லை.

கல்லின் மேல் கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. யோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பதினோரு மணிக்குச் சித்தூர் டாக்டரைப் பாக்கோணும்மா. கால் குடைச்சலுக்கு இன்னிக்கு வரச் சொல்லியிருக்காரு.”

“ஆமா, கால் ஒண்ணுதான் இப்பக் கொறைச்சல்!” என்று சலித்துக்கொண்டே கமலாத்தாளும் ஆட்டோவில் ஏறினாள். தனியாக விட்டால் வழியிலேயே சீட்டு வாங்கிவிடுவாளோ என்ற பயம்.

டாக்டர் கோபிநாத் பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினார். “கால் எப்படி இருக்கு?”

“தேவலைங்க. படுத்தாப் பூச்சி ஊர்றாப்பல இருந்தது நின்னுபோச்சுங்க. நல்லாத் தூங்கறனுங்க.”

“மாத்திரையால ஏதாவது தொந்தரவு? குமட்டல், பகல்ல தூக்கம்?”

“இல்லீங்க.”

“புதுசா ஏதாவது பழக்கம்? கண்டதையும் வாங்கிக் குவிக்கிறது, சாப்பிட்டுக்கிட்டே இருக்கிறது, லாட்டரி, சூதாட்டம்...”

யோகப்பிரியாவின் முகம் வெளுத்தது. கமலாத்தாள் படபடத்தாள். “மாப்பிள்ளை வந்து சொன்னாருங்களா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “யாரும் சொல்லலைம்மா. கால் குடைச்சலை அடக்குற இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். ஒரு ஆசை வந்தா, அதை அடக்குற சக்தியையே எடுத்துரும். அவங்களா நினைச்சாலும் நிறுத்த முடியாது.” மகள் பக்கம் திரும்பினார். “முதல் நாளே சொன்னேனேம்மா, புதுசா எது வந்தாலும் உடனே சொல்லணும்னு?”

“என் புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சனுங்க. வெக்கமா இருந்துச்சுங்க.”

“உங்க தப்பு இல்லை இது. சட்டுனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வேற மருந்துக்கு மாத்திடலாம். அந்த வெறியும் அடங்கிடும். உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். இப்ப சாப்பிடுற மாத்திரையைக் காட்டுங்க.”

யோகப்பிரியா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அப்புறம் அடக்கமாட்டாமல் விம்மினாள். இனி வீட்டுக்குப் போகலாம், பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சலாம்.

“கேட்டியாம்மா? நான் கெட்டவ இல்லியாம்மா!”

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கமலாத்தாள் அந்த அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எந்திரிம்மா, போலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. மாசியில் வராத அழுகை இப்போது பீறிட்டுக்கொண்டு வந்தது.

“இதை உங்கொப்பனுக்கு நாந்தான் அம்மிணி தெனமும் எடுத்துக் குடுத்தன்!”