எல்லாப் பிரௌசரிலும் தலைவர்

சோதிலிங்கத்தின் தலையில் பாதியைக் காணவில்லை. நெற்றிக்கு மேலே வெறும் வெள்ளை. அவரோ ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் வீட்டுச் சோபாவில் சாய்ந்து, தேநீர் குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, என்ர தலையை வெட்டிப்போட்டாய்," என்றார் போனில்.

மறுமுனையில் இருந்தவள் அபிஷா. குரோருட் கலைவாணி மன்றத்துக்கு வலைத்தளம் செய்து தருகிறேன் என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டவள். பகலில் ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு இந்த வேலை, பின்னேரத்தில் மன்றத்துக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு அதே வேலை.

"உங்கட ஐபாட் பழசு, மாமா. அதுதான் படம் வெட்டுப்படுது. நான் எழுதினது ஒண்டுதான். அதை ஒவ்வொரு பிரௌசரும் தன்ர பாட்டுக்கு விளங்கிக்கொள்ளுது. எங்கட மன்றத் தீர்மானம் மாதிரி."

சோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மன்றத் தலைவர் தேர்தல் நெருங்கிவிட்டது. இத்தனை வருடம் இருந்த கதிரை கைவிட்டுப் போனால் விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது? முன்வரிசையில் யார் எழும்பி இடம் விடுவார்கள்?

எதிர்த்து நிற்பவர் வேறு யாருமல்ல, நேற்றுவரை பக்கத்தில் இருந்து தலையாட்டிய செயலாளர் சிறீஸ்கந்தராசா. வேட்பாளர்களின் படம் போட்ட அந்தப் பக்கம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று சோதிலிங்கம் அடித்துச் சொன்னார். ஒஸ்லோச் சனம் இப்போது எல்லாம் போனில்தானே பார்க்கிறது.

ஒரு வழியாகத் தலை முளைத்தது. உடனே அடுத்த முறைப்பாடு.

"என்ர படமும் சிறீயின்ர படமும் ஒரே அளவிலை கிடக்கு. நோட்டீசிலை தலைவற்றை படம் பெரிசாத்தானே போடுறது வழக்கம்?"

"தன்ர போனிலை உங்கட படம்தான் பெரிசாக் கிடக்கெண்டு அவர் நேற்று என்னைப் பேசினவர், மாமா."

"அவர் பேசட்டும். நீ எனக்குச் செய்."

செய்தாள். இவருக்கு இழுத்தால் அவருக்குச் சுருங்கியது. அவருக்கு நிமிர்த்தினால் இவருடைய முகம் அப்பளம் போலப் பரந்தது. விடிந்தால் இவர் போன் எடுப்பார், பொழுதுபட்டால் அவர் எடுப்பார். இரண்டு பேருக்கும் கிழவயதில் இப்படி ஒரு வெறி.

"மற்றது, ராசமலர் அன்ரியும் தலைவர் பதவிக்கு நிக்கிறா," என்றாள் அபிஷா ஒருநாள். "படம் கேட்டனான். ஆக்களோடை போனிலை கதைச்சுக்கொண்டிருக்கிறன், பிறகு பாப்பம் எண்டிட்டா."

சோதிலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "படம் இல்லாத ஆளுக்கு ஆர் பிள்ளை வோட்டுப் போடுறது?"

"நீங்கள் இண்டைக்கும் நாலைஞ்சு தரம் பக்கத்தைத் திறந்து பாத்தனீங்கள் போலை."

"அதெப்பிடி உனக்குத் தெரியும்?"

"ஆர் ஆர் வந்து பாக்கினம் எண்டு எனக்கு இஞ்சை தெரியும், மாமா."

அதைக் கேட்கச் சோதிலிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. தலைவர் வந்து போனால் தெரியாமல் இருக்குமா?

அடுத்த நாள் அவளாகவே அழைத்தாள். "இனிமேல் ரெண்டுபேருக்கும் பிரச்சினை வராது. பாருங்கோ."

பார்த்தார். அடடா, என்ன களை. மேலே அகலமாக அவர், கோட்டும் சூட்டும் பளபளக்க. கீழே ஒரு மூலையில் முத்திரை அளவில் சிறீஸ்கந்தராசா. அதன்பிறகு எங்கே போனாலும் ஐபாட்டைக் கையோடு கொண்டுபோனார். ரி-பான் ரயிலில் பக்கத்தில் இருந்த நோர்வேக்காரிக்கும் தெரியும்படி சரித்துப் பிடித்தார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செயலாளரும் இப்போது வாயே திறக்கவில்லை. சந்திக்கும் இடமெல்லாம் புன்னகைத்தார். தோற்கப்போகிறவன் சிரித்துச் சமாளிக்கிறான் என்று சோதிலிங்கம் நினைத்துக்கொண்டார்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, குரோருட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. பொரித்த ரோல்ஸ் வாசத்துக்கு நடுவில் வாக்குகளை எண்ணினார்கள். ராசமலர் வென்றார். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல, மற்ற இருவரையும் சேர்த்தாலும் பாதி வராது.

சோதிலிங்கத்துக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக்கிக்கொண்டு ஐபாட்டும் கையுமாக அபிஷாவைத் தேடிப் போனார். அங்கே அவருக்கு முன்னமே சிறீஸ்கந்தராசா நின்றார், போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டியபடி.

"இவ்வளவு பெரிசாப் போட்டும் நான் தோத்தனான் எண்டால், உன்ர பக்கத்திலைதான் பிழை," என்றார் செயலாளர்.

"ஆற்றை படம் பெரிசு?" சோதிலிங்கம் அந்தப் போனைப் பறித்துத் தன் ஐபாட்டுக்குப் பக்கத்தில், ரோல்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு வைத்தார்.

போனில் சிறீஸ்கந்தராசா மேலே விரிந்திருந்தார். கீழே மூலையில் முத்திரை அளவில் சோதிலிங்கம்.

"உதென்ன பிள்ளை?"

"அவரவற்றை பிரௌசருக்குத் தனித்தனியா எழுதினனான், மாமா. அதுக்குப் பிறகுதான் என்ர போன் அடிக்கிறது நிண்டது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சோதிலிங்கம் மனதுக்குள் ஒரு சாக்குத் தேடினார். எப்படியும் செயலாளர் முகம்தான் எல்லா இடமும் பெரிதாகப் போயிருக்கும், அதனால்தான் இந்தத் தோல்வி என்று சொல்லிவிட்டால் நாளைக்குச் சனத்தின் முகத்தில் முழிக்கலாம்.

"அப்ப மற்றச் சனத்துக்கு ஆற்றை படம் பெரிசாத் தெரிஞ்சது?" என்றார் மெல்ல.

அபிஷா ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டாள்.

"மற்றச் சனம் ஒருத்தரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை, மாமா."