மாப்பிள்ளை கேட்ட கூரை

"பாய், இதையும் கழட்டிருங்க."

காரை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுச் சோலைராஜ் இதைச் சொன்னான். பீர் முகம்மதுவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் அவர் பாடி கட்டும் பட்டறை வைத்து இருபது வருடமாகிறது. லாரிக்கு, ஜீப்புக்கு, வேனுக்கு என்று எதற்குக் கேட்டாலும் பத்து நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். இந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் மூன்று மாதமாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

விளாத்திகுளம் மிளகாய் வியாபாரி சங்கரபாண்டி, மகளைக் கட்டப்போகும் சோலைராஜுக்காக மதுரையில் ஏலத்தில் எடுத்த பழைய கார் அது. என்ஜின் நன்றாகத்தான் ஓடியது. கூரைதான் இல்லை. "மாப்பிள்ளை கேக்குத மாதிரி போட்டுக் குடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

"தம்பி, முதல்ல என்ன கேட்டிய? மடக்குத கூரை கேட்டிய. காத்தாடப் போகணும்னு சொன்னிய. கறுப்புக் கேன்வாஸ் வரவழைச்சுத் தச்சுக் குடுத்தேன்."

"எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம்லா பாய். கரிசல் புழுதி பூராவும் மூஞ்சியில."

"சரி, அதுக்குப் பிறகு தகரக் கூரை கேட்டிய. நாலு பக்கமும் அடைச்சு, ஒரு பொட்டுத் தூசி நுழையாமச் செஞ்சேன்."

"உள்ளே உக்கார முடியலையே. இட்லிச் சட்டிக்குள்ள இருக்க மாதிரி வேகுது."

"அதுக்காகத்தானே இது?" பீர் முகம்மது கூரையைத் தட்டிக் காட்டினார். "தலைக்கு மேல ரெண்டு தகடு. வேணும்னா மாட்டிக்கிடலாம், வேண்டாம்னா கழட்டி டிக்கியில வச்சுக்கிடலாம். புழுதிக்கும் ஆச்சு, காத்துக்கும் ஆச்சு. இதுல என்ன குறை கண்டிய?"

இரண்டு தகடும் சேரும் இடத்தில் சோலைராஜ் விரலை ஓட்டினான். கொஞ்ச நேரம் யோசித்தான். "இந்த இடுக்கு வழியா மழைத்தண்ணி இறங்கும்."

பீர் முகம்மது வானத்தை அண்ணாந்து பார்த்தார். மழை பெய்து எட்டு மாதமாகிறது. வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த வேல்சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எங்கன பெய்யுதுன்னு சொல்லுங்க, குடத்தைத் தூக்கிட்டு நானும் வாரேன்" என்றான்.

"நான் மெட்ராஸ்ல வேலை பாக்குதேன். அங்கன பெய்யும்லா?" சோலைராஜ் அசையவில்லை. "பேசாமத் துணிக் கூரையே போட்டிருங்க. கறுப்பு வேண்டாம், மெரூன்."

பீர் முகம்மது ஸ்பேனரைத் தரையில் போட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ரோட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கிச் சங்கரபாண்டி வந்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா பாய்? ஆவணியில முகூர்த்தம் வச்சிரலாம்னு இருக்கேன்."

"அவியகிட்டயே கேளுங்க அண்ணாச்சி."

"கூரை சரியில்லை மாமா" என்றான் சோலைராஜ். "மாத்தச் சொல்லியிருக்கேன். கார் சரியான பிறகு தேதி பாப்போம்."

"இது எத்தனாவது தடவை மாப்ளே?"

"பிடிக்காத கார்ல வந்து எப்படி மாமா தாலி கட்ட? உங்களுக்குச் சிரமமா இருந்தா, இதைத் தள்ளிட்டுப் புதுசாவே ஒண்ணு எடுத்துக் குடுத்திருங்க."

சங்கரபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் சத்தம் போடவில்லை.

"டாக்டருக்குப் படிக்கணும்னு என் மக வள்ளித்தாய் அழுதா. மதுரையில சீட்டும் கிடைச்சுது. பொம்பளைப் பிள்ளைக்கு அது எதுக்குன்னு அந்தக் காயிதத்தை வாங்கிப் பூட்டி வச்சுட்டு உமக்குப் பேசி முடிச்சேன். என்னைச் சொல்லணும். ஒரு கூரைக்கு இந்தப் பாடு படுத்துத ஆளு, என் பிள்ளையை என்ன பாடு படுத்துவீரு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கல்யாணம் கிடையாது. கெடு முடியுமுன்ன நாளைக்கே அவளைக் கொண்டுபோய்க் காலேஜ்ல சேக்குதேன். பாய், இந்தக் காரை எவனுக்காவது தள்ளிவிட்டிருங்க. இனி இது என் கண்ணுல படக் கூடாது."

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போனார். விளாத்திகுளம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

மூன்று மாத எரிச்சலும் சேர்ந்து வந்தது பீர் முகம்மதுவுக்கு. "இப்ப மனசு குளுந்துச்சா தம்பி? எப்படியாப்பட்ட குடும்பம் தெரியுமா? கூரைக்கு ஆசைப்பட்டுப் பொண்ணை விட்டவன்னு இந்தச் சீமை பூராவும் உங்களைக் காறித் துப்பும்."

"துப்பட்டும் பாய். ஆம்பளையைப் பத்திப் பேசுனா ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க." சோலைராஜ் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். ரொம்ப நாள் சுமந்ததை இறக்கி வைத்தவன்போல இருந்தது முகம். "உங்க மூணு கூரையும் நல்லாத்தான் இருந்துச்சு. குறை கண்டுபிடிக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன்."

பீர் முகம்மது புரியாமல் பார்த்தார்.

"'நான் படிக்கணும். நீங்க மாட்டேன்னு சொன்னா, பொண்ணுகிட்ட என்ன குறைன்னுதான் ஊர் கேக்கும். எங்க அப்பாவே வேண்டாம்னு சொல்லுத மாதிரி ஏதாவது செய்யுங்க'ன்னு வள்ளித்தாய்தான் பாய் எனக்கு லெட்டர் போட்டிருந்தா."