சிறப்பு விருந்தினர்

காவலுக்கு நின்ற மூவரும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்கள். முன்னாள் கமாண்டோ கிடங்கின் பூட்டை உடைத்தார். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றிக் கடத்தப்பட்ட ஒன்பது பெண்கள் உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“பயப்படாதீங்கம்மா. நான் கமாண்டோவா இருந்தவன். வெளியே வேன் நிக்குது, வாங்க.”

யாரும் அசையவில்லை.

“உங்களைத் தெரியும் சார்,” என்றாள் அவர்களில் ஒருத்தி, நர்ஸ் வேலைக்கென்று கிளம்பியவள்.

நம் பெயர் இதுவரைக்கும் எட்டியிருக்கிறதே என்று அவருக்குள் லேசாக ஒரு பெருமை. “எப்படிம்மா?”

மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளை அவள் நீட்டினாள். போன வருஷம், யாரென்று விசாரிக்காமல், கூப்பிட்டார்களே என்று அவர் போன வெளிநாட்டு வேலை ஏஜென்சியின் திறப்பு விழா. படத்தில் பதக்கங்களோடு சிரித்தபடி ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க திறந்து வெச்ச கம்பெனி, நம்பிப் போன்னு அப்பாதான் அனுப்பினாரு.”

அவர் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “வேன்ல ஏறுங்கம்மா...”

அவள் எழுந்திருக்கவில்லை.

“இந்தத் தடவை எங்கே சார் அனுப்புறீங்க?”