கிளவுடுக்குப் போன ஆஸ்பத்திரி

சொந்த சர்வர் இனி வேண்டாம், நோயாளிகளின் எல்லாப் பதிவுகளும் இணையவழியாக வெளி நிறுவனத்தின் கிளவுடில் இருக்கட்டும், மாத வாடகை கட்டினால் போதும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. சர்வர் அறையைக் கவனித்துவந்த மரியபுஷ்பம் பழைய இயந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்தாள்.

"அமுக்குங்க மேடம். இது நின்னாத்தான் புதுசு வேலை செய்யும்," என்றான் கிளவுட் நிறுவனத்திலிருந்து வந்திருந்த இர்ஷாத்.

அவள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், புதுசுல விவரம் வருதா?"

"திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்குக்கா. பழசுலதான் வருது. டாக்டர் ஊசியைக் கையில எடுத்துட்டாரு."

"அணைச்சா வந்துடும் மேடம்," என்றான் இர்ஷாத். சர்வர் அறையின் ஏசி குளிரிலும் அவனுக்கு நெற்றி வியர்த்திருந்தது.

"வரலைன்னா?"

மரியபுஷ்பம் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"சிஸ்டர், பழசைப் பார்த்து டாக்டருக்குக் கேக்குற மாதிரி படிங்க. இப்ப மேசையில படுத்திருக்கிற அம்மாவுக்கு எந்த மருந்து ஆகாது?"

"பென்சிலின் ஆகாது டாக்டர்!" என்று சிஸ்டர் கத்துவது போனில் கேட்டது. ஊசியைத் தட்டில் திரும்ப வைக்கும் சத்தமும் கேட்டது.

இர்ஷாத் மெல்லக் கேட்டான். "இப்ப அமுக்கலாமா மேடம்?"

மரியபுஷ்பம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். போனை வைக்கவில்லை.

"சிஸ்டர், அடுத்து யாரு உள்ள வராங்க?"