இடப்பக்கத்துப் பிராக்கெட்

நாலாவது தடவையும் திருகு இறங்கவில்லை.

பத்து வயதில் தறியில் ஓடுகிற நாடாக்கட்டை கிழித்த பழைய தழும்பு கிதிர் முகம்மதுவின் பெருவிரலில் இன்னும் பள்ளமாக இருந்தது. வியர்வையில் திருகு அந்தப் பள்ளத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது.

குனிந்து எடுத்தார். பிராக்கெட்டை இன்னொரு தரம் அமுக்கினார். ஓட்டைக்கு ஓட்டை ஒரு நகம் அளவு தள்ளி நின்றது. இன்னும் அழுத்தினால் புதுப் பெயின்ட் கீறிவிடும்.

ஜும்ஆ முடிந்து வந்ததிலிருந்து இதே பாடு. நாளைக் காலை பத்து மணிக்கு லாரி வருகிறது.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மேலகரத்துப் பட்டறைக்குள் வந்து ஆறு வருஷம். இரண்டே பேர் உட்காருகிற இங்கிலாந்து வண்டி, அறுபது வயது தாண்டியது. எலி கடித்த ஒயரிலிருந்து துரு தின்ற தரைத்தகடு வரை மாற்றி, எஞ்சினையும் ஓடவிட்டாயிற்று. முன்கண்ணாடி மட்டும் நிற்கவில்லை. அதன் சட்டத்தை இடப்பக்கம் தாங்குகிற அலுமினியப் பிராக்கெட், உள்ளங்கை அளவுதான், வண்டி வரும்போதே இல்லை.

"பாய், வண்டி ரோட்டுக்கு வர்றது இந்தக் குத்தாலச் சாரலுக்கா, அடுத்த சாரலுக்கா?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது.

வண்டிக்குச் சொந்தக்காரர் அரிசி ஆலை நமசிவாயம். பொறுமைசாலிதான். ஆனாலும் சனிக்கிழமைக்குள் கண்ணாடி நிற்காவிட்டால் லாரியில் கோயம்புத்தூர்ப் பட்டறைக்கு ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அங்கே கண்ணாடியை மாட்டுவார்கள், தங்கள் பெயர்த்தகட்டை அடிப்பார்கள். ஆறு வருஷ உழைப்பும் அந்தத் தகட்டுக்கு அடியில் போய்விடும்.

வார்க்கத் தெரியாதவரா கிதிர்? ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் அதுதான் சோறு போட்டது. முதல் வருஷமே அளவெடுத்து ஒரு பிராக்கெட் வார்த்தார். வைத்தவுடன் உட்கார்ந்தது. நமசிவாயம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு பெஞ்சில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு வே. ஆனா கள்ளமால். அசல்ல அடிப்பக்கம் மொச்சக்கொட்ட கணக்கா ஒரு குழி இருக்கும், குழிக்குள்ள ஒரு கோடு. இந்த வண்டியப் பத்தின புஸ்தகத்துல போட்டிருக்கான். அது இல்லாம பழைய வண்டிப் போட்டிக்குக் கொண்டுபோனா என்னயத்தான் சிரிப்பான்."

அன்றைக்கு ஆரம்பித்தது, பழைய வண்டிச் சாமான் விற்கிறவர்களுக்குக் கடிதம். தேதி போட்டு, வண்டி நம்பர் போட்டு, வேண்டிய சாமானைப் படமாக வரைந்து, மகள் பர்சானா இங்கிலீஷில் திருத்திக் கொடுக்க, பதினேழு கடிதம். பதினாறுக்கு 'இல்லை' என்று பதில், அல்லது பதிலே இல்லை. பதினேழாவதுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி ஷார்ஜாவுக்கு வந்தது. அங்கே வேலை பார்க்கிற அக்கா மருமகன் சமீர் அதைப் பால்பவுடர் டின்னுக்கும் போர்வைக்கும் நடுவில் வைத்து நேற்றுத்தான் கொண்டுவந்து சேர்த்தான்.

கூடவே ஒரு சீட்டு. அசல் பிராக்கெட்டில் அச்செடுத்து, அச்சுமாறாமல் வார்த்தது. அடிப்பக்கத்துக் குழியை அடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. அதுதான் அடையாளம்.

அந்த அசல்தான் உட்கார மாட்டேன் என்கிறது.

அரத்தை எடுத்தார், திரும்ப வைத்தார். ஓட்டையைப் பெரிதாக்கியும் பிரயோசனம் இல்லை. பிராக்கெட்டே உள்பக்கம் சாய்ந்திருந்தது, எதிலோ போய் இடித்த மாதிரி. வளைந்து கிடப்பதிலா ஒருவன் அச்செடுப்பான்?

போன் அடித்தது. நமசிவாயம்.

"பாய், அசல் வந்துட்டுன்னு சமீர் சொல்லுதான். காலைல வந்து மொதல்ல குழியத்தான் தடவிப் பாப்பேன், ஆமா."

"வாங்க அண்ணாச்சி" என்றார் கிதிர்.  போனை வைத்துவிட்டுப் பிராக்கெட்டைக் கையில் எடுத்தார்.

மாட்டுகிற அவசரத்தில் அடிப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. இப்போதுதான் புரட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

மொச்சைக்கொட்டை அளவுக் குழி. அதற்குள் சாய்வாக, மேடு தட்டி, ஒரு கோடு.

கிதிர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஷார்ஜா. பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. மோதிய இதே ரக வண்டி ஒன்றின் பிராக்கெட், ஓரம் உடைந்து, மீதி வளைந்து, அவர் முன்னால் கிடந்தது. நிமிர்த்திவிட்டுத்தான் அச்சுக்காக மணலில் பதிக்க வேண்டும். நாலு மணிக்குக் கார்கோ ஆபீசை அடைத்துவிடுவான். பர்சானாவின் பெருநாள் சட்டை அன்றைக்குப் போகாவிட்டால் பெருநாளைக்குப் போய்ச் சேராது. உடைந்த இடத்தில் அடிப்பக்கம் மெழுகை அப்பிப் பெருவிரலால் அமுக்கினார். வளைந்ததை வளைந்தபடியே பதித்தார். ஆறு வார்த்துப் போட்டுவிட்டு, சட்டைப் பொட்டலத்தோடு ஓடினார்.

அதில் ஒன்று எந்தெந்தக் கை மாறி, அசல் என்று புஸ்தகத்தில் ஏறியதோ. உலகம் பூராவும் எத்தனை பேர் இதை மாட்ட முடியாமல் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக்கொண்டு கிடக்கிறார்களோ.

வலது பெருவிரலைக் குழிக்குள் வைத்தார். வார்ப்பில் சுருங்கியதால் கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் அந்த மேட்டுக்கோடு தழும்புப் பள்ளத்தில் போய்ப் படிந்தது.

வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு குற்றாலத்துப் பக்கம் போனார்கள்.

எழுந்தார். இங்கிலாந்துப் பிராக்கெட்டைச் சீட்டோடு பெட்டியில் போட்டு மூடினார். பெஞ்சுக்கு அடியில் கிடந்த தன் பிராக்கெட்டை எடுத்துத் தூசி ஊதினார். உலையில் கரியைக் கொட்டிப் பற்றவைத்தார். மணலுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். மெழுகை இளக்கி, பிராக்கெட்டின் அடிப்பக்கம் தடிமனாக அப்பினார்.

பிறகு, ஒட்டாமல் இருக்க, பெருவிரலை எண்ணெயில் தொட்டுக்கொண்டார்.