பெரிய ஐயாவின் சபை

“பதிவு பண்ணிட்டா, சட்டத்தோட கண்ணுக்கு நம்ம சபையும் ஒரு ஆள், மூப்பரே. நீங்க, நான் எல்லாம் போய்ச் சேர்ந்தாலும் அது இருக்கும்.”

முந்தின நாள் மாலைதான் ஊருக்கு வந்து இறங்கிய புதிய போதகர், காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூப்பர் ஆலயத்துப் பக்க அறையின் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“இப்பவும் இருக்கத்தானே செய்யுது, ஐயா.”

“எப்படி இருக்கு? நிலம், கட்டடம், கல்லறைத் தோட்டம் அத்தனையும் சபைத் தலைவர் பெரிய ஐயா ஒருத்தர் பேர்ல. அவரோ மாடியில இழுத்துக்கிட்டுக் கிடக்கிறார். நாளைக்கே கண்ணை மூடிட்டா? எங்கிருந்தோ ஒரு பங்காளி வந்து கதவைப் பூட்டினா, நாம தெருவுலதான் ஜெபம் பண்ணணும்.”

“சபைக்கு உயிர் குடுத்தது ஆண்டவர். அரசாங்கத்துக்கிட்ட போய் உயிர்ப்பிச்சை கேக்காதீங்கன்னு, எங்க தாத்தா மூப்பரா இருந்தப்பவே பெரிய ஐயா சொல்லிட்டார்.”

“உங்க தாத்தா காலத்துலயா? அப்ப அவருக்கு இப்ப என்ன வயசு?”

“அதெல்லாம் நாங்க கணக்குப் பார்க்கிறதில்ல.”

மூப்பர் இப்போதுதான் திரும்பினார். துணிக்கடையில் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவரைப் போல, போதகரின் நரைத்த தலையையும் தோள் அகலத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

“நீங்க தனிக்கட்டைதானே, ஐயா?”

“ஆமா. கூடப்பிறந்தவங்களும் இல்ல. ஏன்?”

“சும்மா கேட்டேன். வாங்க, மாடிக்குப் போவோம்.”

மாடி அறையில் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு புதிதாக மாற்றப்பட்டிருந்தது.

“பெரிய ஐயா எங்கே?”

“விடியக்காலையில போயிட்டார்.”

“இதை இப்பத்தான் சொல்றீங்களா? நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சே. நிலமெல்லாம் போச்சு.”

“ஒண்ணும் போகல.” மூப்பர் அலமாரியிலிருந்து வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து, போதகர் மறுக்குமுன் அவர் தோளில் போர்த்திப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

கீழே முற்றத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “நேத்து நம்ம சபைக்கு வந்த புதுப் போதகர், இன்னிக்கு விடியக்காலையில மாரடைப்பால கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்ங்கிறதை...”

அதைத் தொடர்ந்து அவருடைய பெயர் வந்தது, இனிஷியலோடு.

அவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். கீழே, மூடிய சவப்பெட்டியைச் சுற்றி சபை மொத்தமும் நின்றிருந்தது. தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் முகத்திலும் திகைப்பில்லை. அவரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கைகூப்பினார்கள்.

“மூப்பரே, நான் உயிரோட இருக்கேன்.”

“ஆமா, பெரிய ஐயா,” என்றார் மூப்பர், அங்கியின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி. “பெட்டியில இருக்கிறவரும் வந்த புதுசுல இதையேதான் சொன்னார்.”